ஞொங்குது

பற்றரியும் மின்சாரமும் இல்லாத அந்தப் போர் வருடங்களில் எங்கள் வீட்டு றேடியோ சைக்கிளில்தான் பேசியது. சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி ஒருவர் ஏறி உழக்க, டைனமோவிலிருந்து வயர் றேடியோவுக்குப் போகும். பின்னேரச் செய்தி கேட்க அக்கம்பக்கத்தார் முற்றம் நிறைய வந்துவிடுவார்கள்.

உழக்குகிறவர் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தேய்ந்து குழைந்து, கிணற்றுக்குள் இறங்குவதுபோல் போகும். இதற்கென்று ஒரு சொல் இல்லையே என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். ஒருநாள் நான் உழக்கும்போது தங்கை கத்தினாள்.

"அக்கா, ஞொங்குது! கெதியா உழக்கு!"

"அதென்னடி ஞொங்குது?"

"உப்பிடிப் போறதுக்குப் பேர்."

எங்கிருந்து எடுத்தாளோ! அதன்பிறகு குரல் தேய்ந்தபோதெல்லாம் முற்றமே "ஞொங்குது, ஞொங்குது" என்று அதட்டியது.

சில மாதங்கள் கழித்து மருதனார்மடம் சந்தையில், முன்பின் கண்டிராத ஒரு கீரைக்காரி வாடிய பிடியொன்றைத் தூக்கிக் காட்டினாள்.

"வெய்யிலுக்கு ஞொங்கிப் போச்சு, பிள்ளை. தண்ணி தெளிச்சா நிமிரும்."

எங்கள் முற்றத்துச் சொல் இவளிடம் எப்படி வந்தது! றேடியோவுக்குப் பிறந்த சொல், கீரைக்கென்றே பிறந்ததுபோல் நின்றது. கீரை வாங்கவும் மறந்து வீட்டுக்கு ஓடினேன்.

அன்று பின்னேரம் தங்கை உழக்கிக்கொண்டிருந்தாள். கீரைக்காரி சொன்னதை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். அவளுடைய கால்கள் தாமாக நின்றன. செய்தி பாதியில் ஞொங்கி அடங்கியது. ஒருவரும் அதட்டவில்லை. முற்றத்திலிருந்த அவ்வளவு பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.