எல்லோரும் நலம் என்று வந்த ரிப்போர்ட்

போன ஞாயிற்றுக்கிழமை கொண்டாப்பூரில் தங்கை கீதா வீட்டில் மதியச் சாப்பாடு. மல்காஜ்கிரியிலிருந்து நான் போய்ச் சேர்வதற்குள் பசி வந்து, போயும் விட்டது. ஹைதராபாத்தில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவது என்பது பாதி வெளியூர்ப் பயணம்தான்.

உள்ளே நுழைந்ததும் கீதா போனை நீட்டினாள். ஒரு கேக். பச்சை க்ரீம். சுற்றிலும் சிரித்த முகத்தோடு ஏழெட்டுப் பேர். நடுவில் கத்தியோடு அவள் கணவர் பிரபாகர்.

“பர்த்டேயா?”

“இல்லக்கா. இவங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் மனநல ஸ்க்ரீனிங் வெச்சாங்க. இவங்க டீம்ல அத்தனை பேரும் க்ரீன். அதுக்கு மேனேஜர் கேக் ஆர்டர் பண்ணியிருக்காரு.”

பிரபாகர் ஒரு ஐ.டி. கம்பெனியில் டீம் லீட். ஆன்லைனில் கேள்விகள் வருமாம் — தூக்கம் கெடுகிறதா, பசி இல்லாமல் போகிறதா, எதிலும் ஆர்வம் இல்லாமல் இருக்கிறதா என்று. பதிலைப் பொறுத்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு. யார் என்ன பதில் சொன்னார் என்பது ரகசியம். ஆனால் எந்த டீமில் எத்தனை பச்சை என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்! மனசுக்கும் போட்டி வைத்துவிட்டார்கள். பாராட்ட வேண்டியதுதான்...

“அப்ப மாப்பிள்ளை ஜம்முனு இருக்கார்னு சொல்லு,” என்றேன்.

சமையலறைக்குள் போன கீதா, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாக ஆரம்பித்தாள்.

“தூங்கறதே இல்லக்கா. ஆபீஸ்லேர்ந்து வந்தா கீழ பார்க்கிங்ல கார்லயே உக்காந்திருக்காரு. நான் போன் பண்ணாதான் மேல வராரு. டாக்டர்கிட்ட போலாம்னா, ‘ரிப்போர்ட்ல க்ரீன்னு வந்திருக்கே, இன்னும் உனக்கு என்ன வேணும்’ங்கறாரு. நானும் டெஸ்ட்ல நல்லாதானே வந்திருக்குன்னு விட்டுட்டேன்.”

“இப்ப எங்க?”

“தயிர் வாங்கப் போனாரு.” கடிகாரத்தைப் பார்த்தாள். “போய் ரொம்ப நேரமாச்சு.”

லிஃப்டில் இறங்கினேன். பேஸ்மெண்டில் தூணோரமாக அவர் கார். பக்கத்து சீட்டில் தயிர் பாக்கெட். நின்ற வண்டியில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கண்ணாடியைத் தட்டினேன். திடுக்கிட்டுக் கதவைத் திறந்துவிட்டார். தயிரை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“சாப்பிட வாங்க.”

“நக்கோக்கா... வேணாம். நீங்க சாப்பிடுங்க.” மல்காஜ்கிரி ரயில்வே காலனியில் வளர்ந்தவர். நக்கோ இல்லாமல் அவருக்குத் தமிழ் வராது.

“எல்லாரும் க்ரீனாமே?”

சிரித்தார். அதைச் சிரிப்பு என்று சொல்ல முடியாது. “எப்படிக்கா வராம போகும்? பதிலையெல்லாம் க்ரூப்ல போட்டதே நான்தான்.”

எனக்குப் புரியவில்லை. விளக்கினார். ஐ.டி.யில் எந்த சர்ட்டிஃபிகேஷன் பரீட்சை வந்தாலும், ஏற்கெனவே எழுதியவர்களிடம் கேள்வி பதிலைத் திரட்டிக் கைமாற்றிக்கொள்வார்கள். அதற்கு ‘டம்ப்’ என்று பெயர். இதற்கும் டம்ப் உண்டா என்று டீமில் யாரோ கேட்க, இவரே தயாரித்துக் கொடுத்துவிட்டார். எல்லாக் கேள்விக்கும் ‘ஒருபோதும் இல்லை’. தூக்கத்துக்கு மட்டும் ஒரு ‘எப்போதாவது’. எல்லாமே நன்றாக இருந்தால் சந்தேகம் வருமே!

“மஞ்சள்னு வந்தா அடுத்த ப்ராஜெக்ட்ல எடுக்க மாட்டாங்களோன்னு எல்லாருக்கும் பயம்க்கா. எனக்கும்தான்.”

கேள்வி என்று வந்துவிட்டால் பாஸ் ஆக வேண்டும். சின்ன வயதிலிருந்து நமக்குத் தெரிந்த ஒரே பாடம். தெர்மாமீட்டரை வாயில் வைத்தாலும் சென்டம் வாங்கப் பார்க்கிற ஜாதி நாம்.

அவர் மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

“கடைசியா ஒரு கேள்விக்கா. உயிரோட இருக்க வேணாம்னு தோணியிருக்கான்னு... அதுக்கும் இல்லன்னுதான் டிக் பண்ணேன்.”

“நிஜமான பதில் என்ன?”

கேட்டுவிட்டேன். கேட்கலாமா கூடாதா என்று யோசித்திருந்தால் கேட்டிருக்கமாட்டேன். அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். நாற்பதைத் தாண்டிய ஓர் ஆண் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. நானும் அழுதேன். பயமாக இருந்தது.

“இதை கீதாகிட்ட சொல்லணும். இன்னிக்கே. நான் கூட இருக்கேன்,” என்றேன். “உங்களை இப்படி விட்டுட்டு நான் வீட்டுக்குப் போறதா இல்ல.”

மேலே போய்ச் சொன்னார். கீதா அவர் கையைப் பிடித்தவள் விடவே இல்லை.

மறுநாள் காலை மூன்று பேருமாக மனநல மருத்துவரிடம் போனோம். கிட்டத்தட்ட அதே கேள்விகள்தான். ஆனால் டாக்டர் முகத்தைப் பார்த்துக் கேட்டார். பதில் வரும்வரை காத்திருந்தார். முதல் கேள்விக்குப் பிரபாகர் பழக்க தோஷத்தில் ‘நெவர்’ என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “இல்ல டாக்டர்... தினமும்” என்றார்.

மருந்து, கவுன்சிலிங், கொஞ்ச நாள் லீவு. லீவுக்கு என்ன காரணம் சொல்வது?

“டைஃபாய்டுன்னு போடுங்க. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க,” என்றாள் கீதா. அவள் கவலை அவளுக்கு. வேலைக்கு ஏதாவது வந்துவிட்டால்? டைஃபாய்டு என்றால் ‘டேக் கேர்’ என்று பதில் வரும். மனசு என்றால் என்ன வரும் — யாருக்குத் தெரியும்?

பிரபாகர் வெகுநேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் மேனேஜருக்கும் டீமுக்கும் சேர்த்தே உள்ளதை எழுதிவிட்டார். மனச்சோர்வு, சிகிச்சை எடுத்துக்கொள்கிறேன், நான் கொடுத்த பதில்களை யாரும் இனி போட வேண்டாம் என்று.

அன்று முழுக்க யாரிடமிருந்தும் ஒரு வார்த்தை வரவில்லை. கீதா என்னை முறைத்தாள், நான்தான் ஏற்றிவிட்டேன் என்பது போல.

நேற்று பிரபாகருக்குப் போன் செய்தேன். குரலில் களைப்பு இருந்தது. ஆனால் இரவு தூங்கினாராம்.

“டீம்ல ரெண்டு பசங்க தனியா மெசேஜ் பண்ணாங்கக்கா. அந்த டாக்டர் நம்பர் வேணுமாம்.”

“கொடுத்தீங்களா?”

“ஹவ்க்கா... ஆமா, கொடுத்தேன். ஆனா முதல்ல கேட்டது அவங்க இல்ல... எங்க மேனேஜர்.”