வடிவம்மாளின் சந்தேகம்

வடிவம்மாளுக்குச் சந்தேகம் என்று ஊரில் மற்றவர்கள்தான் சொன்னார்கள். அவளுக்கு அது உறுதி. தன் புருஷனைக் கொல்லப் பார்த்தது அவர் கூடப்பிறந்த அண்ணன்தான்.

1911 கோடையில் அவள் புருஷன் அம்பலவாணனும் அண்ணன் தில்லைநாயகமும் கங்கைகொண்டான் களத்துமேட்டில் சோளக்குழியைத் திறந்தார்கள். ஆளுயரத்துக்கு மேல் கரிசலைத் தோண்டி, சோளத்தைக் கொட்டி, வாயை மண் பூசி அடைத்து வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். முந்தின வாரம்தான் ஒரு வரப்புக்காக இருவருக்கும் வாய்ச்சண்டை. அன்று மதியம் அம்பலவாணனை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உதடு நீலம் பாரித்து, நெற்றி கிழிந்திருந்தது.

“ஏணியில இறங்குனான் வடிவு. ரெண்டு வார்த்தை பேசல, அப்படியே சாய்ஞ்சுட்டான். நானும் பாதி இறங்குனேன், தலை கிறுகிறுன்னு வந்துட்டு. ஏறி ஓடித்தான் ஆளக் கூப்பிட்டேன்” என்றார் தில்லைநாயகம்.

கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் பாதாளக்கரண்டியை விட்டு, இடுப்புத் துண்டில் மாட்டித் தூக்கினார்களாம். நெற்றிக் காயம் அந்தக் கொக்கி கிழித்ததாம். வடிவம்மாள் ஒன்றையும் நம்பவில்லை. நெல் மூட்டையைத் தோளில் போட்டு நடக்கிற ஆம்பிளை, யாரும் தொடாமல் விழுவானா? தம்பி கீழே கிடக்கும்போது அண்ணன் எதற்கு ஓடினார்?

அம்பலவாணன் கண் விழித்தபோது அவளை அடையாளம் தெரிந்தது. கல்யாணத்தன்று பெய்த மழைகூட நினைவிருந்தது. ஆனால் அந்த வருஷம் நடந்த எதுவும் இல்லை. காலையில் சொன்னது மதியம் போய்விடும். மோர்ச் செம்பைப் பிடித்தால் கை ஆடிச் சிந்தும். திருநெல்வேலி டாக்டர் சொன்னார்: “குழிக்குள்ள பிராணவாயு இல்லம்மா. மூளை கொஞ்ச நேரம்கூட அதைத் தாங்காது. பழசு தங்கியிருக்கு, புதுசு ஒட்டாது.” டாக்டருக்கும் அத்தான் தில்லைநாயகம் ஏதோ சொல்லிக் கொடுத்திருக்கிறார் என்றுதான் அவளுக்குப் பட்டது.

முதலில் அம்பலவாணன் அண்ணனைக் கண்டால் “வாங்க அண்ணாச்சி” என்று சிரிப்பார். அது அவளுக்குப் பொறுக்கவில்லை. “உங்க அண்ணன்தான் தள்ளுனாரு” என்று தினமும் சொல்லிக்கொண்டே இருந்தாள். சொன்ன சொல்லை அவர் மறந்தார். ஆனால் மாதங்கள் போக, அண்ணனின் குரல் வாசலில் கேட்டாலே உடம்பு நடுங்கத் தொடங்கியது. ஏன் என்று அவருக்கே தெரியாது. தில்லைநாயகம் வருவதை நிறுத்திக்கொண்டார்.

மூன்று வருஷம் கழித்துக் குழியை மறுபடி திறந்தார்கள். வடிவம்மாள் விளக்கோடு போய் நின்றாள். தள்ளிவிட்டது எப்படி என்று தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

“ஒரு நாள் திறந்து கிடக்கட்டும், பைய இறங்கலாம்” என்றார் தில்லைநாயகம்.

“எத மறைக்கீய அத்தான்?”

கிணறு இறைக்கும் கமலைக் கயிற்றை இடுப்பில் கட்டி, மறுமுனையைப் பண்ணையாள் ஐயம்பெருமாளிடம் கொடுத்தாள். “இவரு கையில மட்டும் குடுத்துராத.”

நாலாவது படியில் விளக்கு சுருங்கி அணைந்தது. அவள் நிற்கவில்லை. இரண்டு மூச்சு இழுத்தாள். நெஞ்சு அடித்துக்கொண்டது, காதுக்குள் இரைந்தது. பயப்படக்கூட நேரமில்லை. ஏணியைப் பிடித்திருந்த கை தானாக விரிந்தது.

விழித்தபோது களத்தில் கிடந்தாள். தில்லைநாயகத்தின் இரு உள்ளங்கைகளும் கயிறு அறுத்து ரத்தமாயிருந்தன. “தனியா இழுக்க முடியல ஆச்சி, அண்ணாச்சியும் பிடிச்சாவ” என்று ஐயம்பெருமாள் அழுதான்.

வாந்தி எடுத்து முடித்து, தலையைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னாள்: “என்ன யாரும் தள்ளல.”

தில்லைநாயகம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்றிலிருந்து புருஷனிடம் தினமும் வேறு கதை சொன்னாள்: அண்ணன் ஒன்றும் செய்யவில்லை. அதையும் அவர் மறந்தார். நடுக்கம் மட்டும் மறக்கவில்லை. சொல்லிப் பயனில்லை என்று தெரிந்ததும், அத்தானைக் கையெடுத்துக் கும்பிட்டு வரச் சொன்னாள். அவர் வந்து தம்பியிடமிருந்து எட்டத் தள்ளி உட்கார்ந்து, பேசாமல் புளிக்குக் கொட்டை எடுப்பார். பிறகு கொஞ்சம் கிட்டே. ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று, இருவரும் ஒரே முறத்தில் கைவைக்க.

ஆனாலும் அம்பலவாணன், சாகிறவரை, தில்லைநாயகத்தைத் தன் முதுகுக்குப் பின்னால் நடந்து போக விட்டதில்லை.