நசுக்காமல் விட்ட மஞ்சள் கூடுகள்

எங்கள் தெருத் தையல்காரியை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் ஒல்லி, பேச்சும் சுருக்கென்று இருக்கும். அவள் கணவர் பஸ் ஓட்டியவர். கடைசி சீட்டுவரை கேட்கும் குரல். பக்கவாதம் வந்து வலக்கையோடு பேச்சையும் கொண்டுபோனது. அப்புறம் அந்த வீட்டில் தையல் மெஷின் சத்தம் மட்டும்தான்.

சுவரையே வெறித்துக்கொண்டு கிடக்க வேண்டாமே என்று, காலையில் அவரைக் கொல்லையில் முட்டைக்கோஸ் பாத்தியருகே நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டுத் தைக்கப் போவாள். அந்த வருஷம் புழு விழுந்தது. இலையெல்லாம் சல்லடை. அவர் அதையே பார்த்தபடி இருப்பார்.

ஒருநாள் நாத்தனார் பூச்சிமருந்தோடு வந்து நின்றாள்.

"அண்ணி, ஒரே அடி. ஒண்ணுகூட மிஞ்சாது."

ஊசியக்கா ஓர் இலையைப் புரட்டினாள். அசையாமல் ஒரு புழு. அதை ஒட்டி, நொய்யரிசிபோல மஞ்சளாக ஒரு கொத்து.

"பாரு, முட்டை வேற போட்டு வச்சிருக்கு!" என்று கட்டைவிரலை வைத்தாள்.

கணவரின் இடக்கை அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தது.

"ந... நசுக்காத."

ஊசியக்கா இலையை விட்டுவிட்டு அவர் பக்கம் குனிந்தாள்.

"என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க!"

அவருக்கு வியர்த்துக் கொட்டியது. "குளவி. உள்ள... குளவி. நல்லது."

பக்கத்து இலையைக் காட்டினார். அங்கேயும் மஞ்சள் கூடுகள். ஒன்றைத் துளைத்துக்கொண்டு, எறும்பளவுகூட இல்லாத கறுப்புக் குளவி வெளியே வந்து இறக்கையை உதறிப் பறந்தது. இத்தனை நாளும் இதைத்தான் பார்த்திருக்கிறார். குளவி குட்டிப் புழுவைக் குத்தி உள்ளே முட்டையிடும். புழு பெருத்ததும் அதன் உடம்பைத் துளைத்துக் குளவிக் குஞ்சுகள் வெளிவந்து கூடு கட்டும். இதையெல்லாம் அவர் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிப்பிடித்துச் சொல்லி முடிக்க நாள்கணக்கானது. அவள் அவசரப்படுத்தவில்லை.

மருந்து அடிக்கவில்லை. புழு தின்ற இலைகளை உரித்துப் போட்டதும் பாதிக்கு மேல் கோஸ் தேறியது. அடுத்த நடவில் புழுவைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

பேச்சு எப்படியும் மெல்லத் திரும்பியிருக்கும் என்றார் டாக்டர். ஊசியக்கா மறுக்கவில்லை. "டாக்டருக்கும் நன்றி, அந்தப் பொடிசுங்களுக்கும் நன்றி. சொன்னா எனக்கு வாயா வலிக்கப்போகுது?" என்கிறாள்.

போன வாரம் நாத்தனார், தன் தோட்டத்திலும் புழு என்று புலம்பிக்கொண்டு வந்தாள். அண்ணன் விடவில்லை. திக்கித் திக்கி, நடுநடுவே அவளைத் திட்டி, ஆதியோடந்தமாக விளக்கினார்.

"அண்ணி, இவர் வாயைத் திறந்தா மூடவே மாட்டேங்கறாரே!"

"பேசட்டும் விடு," என்றாள் ஊசியக்கா. அன்று கொடுக்க வேண்டிய சட்டை மெஷினில் பாதித் தையலோடு கிடந்தது.