கன்னியம்மாளின் நாலாவது ஊசி

முதலியார்பேட்டை கன்னியம்மாளுக்கு வாய் கொஞ்சம் நீளம். மகனை விட்டுக்கொடுக்காமல் பேசுவதென்றால் இன்னும் நீளம். மில்லில் வேலை பார்த்த புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கு இருந்தது செல்வகுமார் ஒருவன்தான். கல்யாணமான கையோடு திருப்பூருக்குப் போனவன், சர்க்கரையில் அவளுடைய இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்தபோது இரண்டு நாள் வந்து நின்றதோடு சரி.

எடுத்த இடத்துப் புண் பத்து மாதமாகியும் ஆறவில்லை. ஆறினால்தான் கட்டைக்காலுக்கு அளவெடுப்பார்கள். கதிர்காமத்து ஆஸ்பத்திரியில் புது வைத்தியம் சொன்னார்கள். அவள் ரத்தத்தையே எடுத்து, மெஷினில் சுற்றி, மேலே தெளியும் மஞ்சள் நிறத் தண்ணீரைப் புண்ணைச் சுற்றி ஊசியாகப் போடுவது. வாரம் ஒன்று, மொத்தம் ஆறு.

"கூட யாரும்மா வந்திருக்காங்க?" முதல் நாள் நர்ஸ் ஹேமலதா கேட்டாள்.

"பையன்தான். வண்டிய நிறுத்தப் போயிருக்கான்."

பெற்றவளை அம்போவென்று விட்டுவிட்டான் என்று அவனை நாலு பேர் பேசக் கூடாதாம். விட்டவனுக்கு இல்லாத வெட்கம் இவளுக்கு! "அந்தக் கால கீழ ஊனவே கூடாது, எல்லாத்தையும் பையன் பாத்துக்கட்டும்" என்று டாக்டர் சொன்னதற்கும் தலையாட்டிவிட்டாள்.

வீட்டில் யார் பார்ப்பது? ஊன்றுகோலோடு குடம் தூக்க முடியாது. இரண்டு முட்டியையும் ஊன்றி, குடத்தைத் தள்ளித் தள்ளித்தான் குழாயிலிருந்து அடுப்படிக்கு வருவாள். கட்டு தரையில் உரசி நனையும். ஃபேனுக்கு நேரே நீட்டிக் காயவைப்பாள். சாயங்காலம் தெருவில் பேச்சுச் சத்தம் கேட்கும்போது, யாராவது உள்ளே வரமாட்டார்களா என்று ஏக்கமாக இருக்கும். வந்தால் மகனை விசாரிப்பார்களே என்று அவளே கதவைச் சாத்திவிடுவாள்.

நாலாவது ஊசிக்குப் போனபோது புண் நூலளவும் சுருங்கியிருக்கவில்லை.

"இப்படியே போனா இன்னும் மேல எடுக்க வேண்டி வரும்மா" என்றார் டாக்டர்.

ஹேமலதா கன்னியம்மாளின் சேலையை ஒதுக்கிப் பார்த்தாள். வலது முட்டித் தோல் கறுத்துக் காய்த்திருந்தது. "வூட்ல முட்டி போட்டா நடக்கறீங்க? பையன் என்னதான் பண்றாரு?"

கன்னியம்மாள் சேலையை இழுத்து முட்டியை மூடினாள். "அவன் வரல, சிஸ்டர். ஒருநாளும் வரல. ஒண்டியாத்தான் ஆட்டோவுல வர்றேன்." சொல்லி முடிப்பதற்குள் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"மொதல்லயே சொல்லியிருந்தா அன்னிக்கே பெட் போட்டிருப்போமே!"

அன்றே வார்டில் சேர்த்தார்கள். தண்ணீர் படுக்கைக்கே வந்தது. ஆறாவது ஊசி முடிந்தபோது ஓரத்தில் புதுத் தோல் படர்ந்து, புண் சுருங்கத் தொடங்கியிருந்தது. பார்வை நேரத்தில் மற்ற கட்டில்களைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள்.

"ஒனக்குப் புள்ளைங்க இல்லியா?" பக்கத்துக் கட்டில்காரி கேட்டாள்.

"ஒருத்தன் இருக்கான்" என்றாள் கன்னியம்மாள். "வரமாட்டான்."