பதினேழு வெற்றுக் குழிகள்

அம்மாவாசியைக் கெட்டிக்காரர் என்று நான் சொல்லமாட்டேன். கண்ணும் கருத்துமாகப் பயிர் பார்க்கிறவர், அவ்வளவுதான். அதுவே அவரைக் கெடுத்தது.

தேவதானப்பட்டிக்கு மேற்கே அவருக்கு அரை ஏக்கர். மூன்று வருடமாக மரவள்ளியில் தேமல் நோய் விழுந்து இலை வெளிறி, கிழங்கு விரல் பருமனைத் தாண்டவில்லை. வீட்டில் பாதி நாள் சாப்பாடே அந்தக் கிழங்குதான். இந்த முறையும் போனால் அவருக்குப் போடிமெட்டு மலைக்கு மேலே ஏலத்தோட்ட வேலை. மனைவி பவுனு இங்கே தனியாகக் கிடக்க வேண்டும். முன்பு ஆறு வருடம் அப்படித்தான் பிரிந்து கிடந்தார்கள்.

2006-இல் ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்து நசீமா வந்தாள். உத்தமபாளையத்துப் பெண், திசு வளர்ப்புக் கூடத்தில் உதவியாளர். கிருமி எட்டாத குருத்து நுனியைக் கிள்ளி, பாட்டிலில் வளர்த்தெடுத்த நூறு கன்றுகளைக் கொடுத்தாள். பக்கத்தில் வேறு மரவள்ளி இல்லாத தோட்டம் என்பதால் அவருக்குக் கிடைத்தது. இவை தேறினால், அடுத்த நடவுக்கு நிலம் முழுவதற்கும் இவற்றின் தண்டில் வெட்டி ஊன்றும் குச்சியே போதும்.

பதினேழு கன்றுகள் முதல் வாரத்திலேயே பட்டுப்போயின.

மூன்றாம் மாதம் பார்வையிட வந்தவள் ஓர் இலையைத் திருப்பினாள். மேலே மஞ்சள் திட்டு, அடியில் தேமலைச் செடிக்குச் செடி பரப்பும் வெள்ளை ஈ.

"அண்ணே, இது நான் குடுத்த செடி இல்லையே."

"பட்ட எடம் பொக்கையாக் கெடந்துச்சு தாயி. அடுத்த ஊரு சண்முகத்தாய் மதினிகிட்ட நல்ல குச்சியாப் பாத்து வாங்கி ஊனுனேன்."

"பொண்டாட்டி தனியாக் கெடந்தா பொறுத்துக்கிருவாக," என்றாள் பவுனு. "குழி வெறுமனே கெடந்தா பொறுக்க மாட்டாக."

பட்ட இடத்தில் மறுபடி ஊன்றாமல் விட்டவர் அந்தப் பக்கத்தில் யாருமில்லை. ஊன்றக்கூடாது என்று நசீமாவும் சொல்லியிருக்கவில்லை. பாட்டிலோடு பழகியவளுக்கு அது தோன்றவில்லை. இதில் யாரைக் குற்றம் சொல்வது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

"அந்தப் பதினேழையும் புடுங்கிருவோம்," என்றார் அம்மாவாசி.

"எல்லாத்தையும் புடுங்கணும்ணே. ஈ பரவிருச்சு."

"அங்கன பாரு தாயி, பச்சப்பசேல்னு நிக்குது."

"இன்னைக்கு நிக்கும்."

"வேற கன்னு?"

"அடுத்த வருசந்தான். அதுவும் உங்களுக்குத் தருவாகளான்னு தெரியலண்ணே."

அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். நல்ல செடிகளையே முதலில் பிடுங்கினார். வேர்கள் அப்போதுதான் பருக்கத் தொடங்கியிருந்தன. பருத்ததை மட்டும் பவுனு ஒடித்து மடியில் போட்டுக்கொண்டே வந்தாள்.

"எந்தக் கெழம மலைக்குக் கெளம்புறீக?" என்று கேட்டாள்.

அவர் அடுத்த செடியைப் பிடித்து இழுத்தார்.