சுவர் முடிந்த இடம்

காலையிலிருந்தே பாண்டிமீனாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாம்பாரில் உப்பை மறந்தாள். காய்ந்த துணியை எடுத்து வந்து மறுபடியும் கொடியில் போட்டாள். கப்பலுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் போன் செய்திருந்தார். பழைய வேலை காத்திருக்கிறது, வருகிறாயா இல்லையா, சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும். இனிமேல் கப்பலே கிடையாது என்று கல்யாணத்துக்கு முன்பே சூரியபிரகாஷிடம் வாக்குக் கொடுத்தவள் அவள். மதுரை காளவாசலில் டயர்க்கடை வைத்திருக்கும் தங்கமான மனிதன் அவன். முரடனாக இருந்திருந்தால் வாக்கை மீறுவது எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

வாடிப்பட்டிப் பக்கம் களையெடுத்துப் பிழைத்தவர்களின் மகள், கேட்டரிங் படித்துச் சொகுசுக் கப்பலில் ஏறினாள். பிள்ளை உலகத்தைச் சுற்றுகிறது என்று ஊரில் பெருமை பேசினார்கள். அவள் சுற்றியதெல்லாம் கட்டில்களைத்தான். துறைமுகம் வந்தால் பயணிகள் இறங்கிப் போவார்கள், இவள் விரிப்பை மாற்றுவாள். கரீபியன் கரையில் கார்த்தஹேனா என்ற பழைய கோட்டை நகரத்தில் மட்டும் ஒரு மதியம் வெளியே போக அனுமதி கிடைத்தது. நாலு மணிக்குள் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும்.

மணிக்கூண்டு வாசலில் நுழைந்து, மதில்மேல் ஏறி நடந்தாள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மஞ்சளும் நீலமுமாக வீடுகள், பூக்கொடி தொங்கும் மரப் பால்கனிகள். வழி கேட்க அவளுக்குத் தோன்றவே இல்லை. மதுரையில் கோயிலைச் சுற்றி ஓடும் மாசி வீதியில் கால் வைத்தவர்கள் வழி கேட்பார்களா? ஒரே கைப்பக்கம் திரும்பிக்கொண்டே போனால் கிளம்பின இடத்துக்கே வந்துவிடலாம். கோட்டைச் சுவரும் அப்படித்தானே சுற்றி வரும் என்று நினைத்தாள்.

சுவர் பாதியில் முடிந்துபோனது. எந்தக் காலத்திலோ இடித்துவிட்டார்கள் போல. எதிரே பஸ்ஸும் ஹாரனுமாகக் காளவாசல் சிக்னலைப் போல ஒரு இரைச்சல். சாலைக்கு அந்தப் பக்கம் சுவர் மறுபடி தொடங்கும் என்று தேடிப் போனவள், நன்றாகத் தொலைந்தாள். பழம் விற்ற ஒரு பெண்மணி அவளுடைய கப்பல் அட்டையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு டாக்சி பிடித்துக் கொடுத்திராவிட்டால் வேலை போயிருக்கும்.

இந்தக் கதை சூரியபிரகாஷுக்கு உயிர். "மதுரைன்னு நெனச்சுச் சுத்தியிருக்காண்ணே!" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

சாயங்காலம் அவனை இழுத்துக்கொண்டு மேலமாசி வீதிக்கு வந்தாள். துணிக்கடை, பாத்திரக்கடை எதிலும் நிற்காமல் நாலு வீதியும் நடந்தார்கள். வேர்த்து விறுவிறுத்துக் கிளம்பின முக்குக்கே வந்து சேர்ந்தார்கள்.

"பாத்தியா, வந்துட்டம்ல. நம்மூர்ல தொலையவே முடியாது," என்றான் அவன்.

"ஏங்க, அன்னிக்கு அந்தக் கோட்டை ஊர்ல தொலஞ்சப்பப் பயந்துட்டேன்னு சொன்னேன்ல, அது பொய்."

"பொய்யா?"

"தெரியாத ஊரு, பாஷை தெரியாது, போன்ல சார்ஜ் இல்ல. எங்க நிக்கிறேன்னு ஒருத்தருக்கும் தெரியாது. அம்புட்டு சந்தோசமா இருந்துச்சு. பொறந்ததுலருந்து அப்படி நான் இருந்ததே இல்லங்க."

அவன் முகம் வாடியது. "திரும்பி வரணும்னே தோணலயா?"

"கொஞ்ச நேரம் தோணல. ஆனா வந்தேன்ல."

வீட்டுக்குப் போக அவனுக்கு மனமில்லை. "இன்னொரு சுத்துப் போவமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நடந்தான். கூட்டத்தில் அவனைப் பிடிக்க அவள் கிட்டத்தட்ட ஓட வேண்டியிருந்தது. தெற்குமாசி வீதி திரும்பும்போது போன் அடித்தது. ஏஜென்ட்தான். நடந்துகொண்டே எடுத்தாள்.

"வாரேன் சார், கப்பலுக்கு," என்றாள், அவனுக்கும் கேட்கும்படி.

முன்னால் போய்க்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் வந்து சேரட்டும் என்று நடையை மட்டும் குறைத்தான்.