அழுத்திய இடத்தில் நின்ற லாரி

அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. திவசத்துக்கு வந்திருந்து இந்த நினைவு மலரைக் கையோடு எடுத்துச் செல்லும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகளாகிய என் வணக்கம். அட்டைப் படத்தைப் பார்த்ததும் "அட, அந்த மிலிட்டரி லாரி!" என்று சிரித்திருப்பீர்கள். அப்பாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் லாரியைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. அதில் எழுத மனம் வராத ஒன்றும் இருக்கிறது. அதையும் எழுதச் சொல்லிவிட்டுத்தான் அப்பா கண்ணை மூடினார்.

கூத்தாநல்லூருக்குக் கிழக்கே, வெண்ணாற்றுப் பாசனத்தில் இருக்கும் எங்கள் ஊரில்தான் அப்பா பிறந்தார். படிப்பை முடிக்காமல் ராணுவத்தில் சேர்ந்து, வண்டிகளைப் பழுது பார்க்கும் பிரிவில் வேலை கற்றார். தாத்தா இறந்ததும், நிலத்தைப் பார்க்க ஆளில்லை என்று திரும்பி வந்துவிட்டார். கொண்டுவந்தது ஒரு ஸ்பானர் பெட்டியும் இரண்டு எனாமல் குவளைகளும்தான் என்று அம்மா சொல்வார்.

அடுத்த சாகுபடிக்கு உழவு மாடு வாங்கத் திருச்சிக்குப் போனவர், ராணுவ ஏலத்தில் கழித்துவிட்ட லாரி ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தார். உலகப் போர்க் காலத்து வண்டி. அம்மா வாசலில் நின்று, "மாடு வாங்கப் போன மனுஷன் இதை வாங்கிட்டு வந்தா நான் எதைப் பூட்டி உழறது?" என்று கேட்டார். அப்பா பானட்டைத் திறந்து காட்டினாராம். எங்கள் வீட்டில் எல்லாச் சண்டையும் இப்படித்தான் முடியும்.

அந்த லாரியை அப்பா வாடகைக்கு விட்டதில்லை. நெல் மூட்டைகூட மாட்டு வண்டியில்தான் போகும். மற்றவர் சீட்டாடுவதைப் போல, ஞாயிற்றுக்கிழமை தோறும் அதைக் கழற்றி மாட்டுவது அவருக்குப் பொழுதுபோக்கு. முன் சக்கரங்களுக்கும் இன்ஜினின் ஓட்டத்தைக் கொடுக்க அதில் ஒரு லீவர் உண்டு. அதைப் போட்டால் எந்தச் சேற்றிலும் ஏறிப் போகும் என்று பெருமையடித்துக்கொள்வார். உதிரிப் பாகங்கள் கூத்தாநல்லூர்ப் பழைய இரும்புக் கடை பாய் தேடித் தருவார். அப்பாவின் பைத்தியத்துக்கு மருந்து தன் கடையில்தான் இருக்கிறது என்று அவர் கேலி செய்வது வழக்கம்.

அந்தப் பைத்தியத்தில் அப்பாவுக்குக் கூட்டாளி ஒருவர் இருந்தார். எங்கள் நிலத்தில் கூலி வேலை செய்த கோவிந்தன். வயலில் அப்பாவை "ஐயா" என்பார். லாரிக்கு அடியில் இருவரும் மல்லாந்து படுத்திருக்கும்போது "அண்ணே" என்பார். வீட்டுக் கொல்லையில் அவருக்குத் தனி டம்ளர். லாரி நிற்கும் கொட்டகையில் இருவருக்கும் அந்த எனாமல் குவளைகள். இதை அப்போது நாங்கள் யாரும் விந்தையாக நினைக்கவில்லை. நன்றாக வேலை பழகியதும் திருவாரூரில் ஏதாவது லாரிப் பட்டறையில் சேர்ந்துவிட வேண்டும் என்பது கோவிந்தனின் ஆசை. தானே கூட்டிப் போய்ச் சேர்த்துவிடுவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார்.

ஆட்சி மாறிய புதிது அது. மலிவு அரிசி பற்றி ஊரெங்கும் பேச்சு. அறுப்புக் கூலியில் அரைப்படி நெல் கூட்டித் தரவேண்டும் என்று எங்கள் பக்கத்துத் தொழிலாளர்கள் செங்கொடி ஏற்றி வேலையை நிறுத்தினார்கள். கோவிந்தனும் அதில் இருந்தார். குறுவை முற்றிச் சாய்ந்து கிடந்தது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. இன்னும் விட்டால் கதிரிலேயே நெல் முளைத்துவிடும். ஊரிலேயே பெரிய மிராசுதார் வெளியூரிலிருந்து அறுப்பு ஆட்களைக் கொண்டுவந்து மெயின் ரோட்டில் இறக்கினார். வயலுக்குப் போகும் வாய்க்கால் கரைப் பாதை உளைச் சேறாகக் கிடந்தது. நடந்து போனால் வேலையை நிறுத்தியவர்கள் மறித்துவிடுவார்கள். வாடகை லாரிகள் அந்தச் சேற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டன.

மிராசுதார் அப்பாவிடம் வந்தார். பணம் என்று பேசியிருந்தால் அப்பா முகத்தில் அடித்தாற்போல் மறுத்திருப்பார். அவர் அப்படிக் கேட்கவில்லை. "ஒன் வண்டி சேத்துல போகும் போகும்னு சொல்லுவியே. இந்தச் சேத்துல போகாது, விடு" என்றார். அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. பின்னால் யார் ஏறுகிறார்கள், எதற்காகப் போகிறார்கள், யார் வயிற்றில் அடிக்கிறோம் என்பதை அப்பா நினைக்கவில்லை. லாரி அந்தப் பாதையில் ஏறுமா ஏறாதா என்பது மட்டும்தான் அவர் மண்டைக்குள் இருந்தது.

பாதை வளைகிற இடத்தில் கோவிந்தன் தனியாக நடுவில் நின்றார். அப்பா ஓட்டிவந்த லாரி நெருங்கியபோது கையைத் தூக்கினார். வண்டி அவர்மேல் ஏறி, வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது.

விசாரிக்க வந்த போலீஸாரிடம் அப்பா சொன்னார்: "போன வாரம்தான் பிரேக் வேலை பார்த்தது. சரியா அமையல போலிருக்கு. பிடிக்கல." யார் வேலை பார்த்தது என்று அவர் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. கோவிந்தன்தான் பார்த்தார் என்பது ஊருக்கே தெரியும். வழக்கு இல்லை. விபத்து என்று முடிந்தது. வெளியூர் ஆட்கள் அறுத்தார்கள். அரைப்படி கிடைக்கவில்லை. அந்தத் தீபாவளிக்கு, கூலிக்காரர்கள் குடியிருந்த தெற்குத் தெருவில் பல வீடுகளில் அடுப்பு எரியவில்லை.

தான் போட்ட பிரேக் பிடிக்காமல் தன் காலையே நசுக்கிக்கொண்ட ஆள் என்று கோவிந்தனுக்குப் பெயர் விழுந்தது. எந்தப் பட்டறை அவரைச் சேர்த்துக்கொள்ளும்? ஒரு ரைஸ் மில்லில் வாட்ச்மேனாக உட்கார்ந்தார். அவரது தெருவிலும், மிராசுதார்களின் வண்டிக்கு வேலை பார்த்ததற்குக் கிடைத்த கூலி இது என்று குத்திக்காட்டினார்கள். அப்பா நெல் கொடுத்தனுப்பினார். கோவிந்தனின் மனைவி மூட்டையை அவிழ்க்காமலே திருப்பி அனுப்பிவிட்டார்.

எங்களுக்கு அது விளையாட்டாகிவிட்டது. கதவுத் தாழ்ப்பாள் விழவில்லையா, "கோவிந்தன் பிரேக்." சைக்கிள் ஸ்டாண்டு நிற்கவில்லையா, "கோவிந்தன் பிரேக்." என் கல்யாணத்தில் தாலிச் சரட்டின் முதல் முடிச்சு நழுவியபோது, "கோவிந்தன் பிரேக் ஆயிடப்போகுது" என்று நானே சொன்னேன். மணவறையே சிரித்தது. அப்பா எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். பெண்ணைப் பிரியும் துக்கம் என்று நினைத்தோம். இதை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது.

அந்தக் குறுவைக்குப் பிறகு அப்பா லாரியைக் கொட்டகையை விட்டு வெளியே எடுக்கவே இல்லை. ஆனால் பழுது பார்ப்பதை நிறுத்தவும் இல்லை. உதிரிப் பாகங்களுக்காக அதே மாதிரி இன்னொரு லாரியையும் வாங்கிக் கொல்லையில் நிறுத்தினார். ஞாயிறானால் இன்ஜினை ஓடவிடுவார். பிறகு சக்கரங்களைக் கழற்றி, பிரேக்கைப் பிரித்து, துடைத்து, மறுபடி மாட்டுவார். பிரேக்கை மட்டும்தான். ஓடாத வண்டிக்கு எதற்கு பிரேக் என்று பேரப்பிள்ளைகள்கூடக் கேட்டார்கள். அந்த இரண்டாவது எனாமல் குவளையையும் கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பார்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, ஒருநாள் மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டு என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"பிரேக் நல்லாத்தான் இருந்துச்சும்மா."

"எந்த பிரேக்குப்பா?"

"அன்னிக்கு. நான் அழுத்தல. சேத்துல போறப்போ நிறுத்தக் கூடாது. நிறுத்தினா வண்டி புதைஞ்சிடும், அப்புறம் கிளம்பாது. மிராசு பாத்துக்கிட்டு இருக்கான். கோவிந்தன் ஒதுங்கிடுவான்னு நெனச்சேன். அவன் நான் நிறுத்திடுவேன்னு நெனச்சிருக்கான். கடைசியில அழுத்தினேன். அழுத்தின எடத்துலயே நின்னுச்சு. அவன் கால் மேல."

அப்பாவே தொடர்ந்தார். "கோவிந்தன்கிட்ட சொல்லணும்னு நெனச்சு நெனச்சே காலம் போயிடுச்சு. நான் போனப்புறம் மலர் போடுவீங்கள்ல, அதுல எழுதிடு. நம்ம ஆளுங்க எல்லாரும் படிக்கணும்" என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த வாரமே போய்விட்டார்.

இதைக் கேட்ட சித்தப்பா கொதித்துப் போனார். "நினைவு மலர்ல நல்லது நாலு எழுதுவாங்க. செத்தவரைக் கூண்டுல ஏத்துவாங்களா?" என்றார். அவர் அண்ணன்மேல் வைத்த பாசம் எனக்குத் தெரியும். எனக்கும் அப்பாவைப் பிடிக்கும். ஆனாலும் எத்தனை வருஷம் நாம் சிரித்திருக்கிறோம், சித்தப்பா!

அச்சுக்குக் கொடுக்கும் முன் கோவிந்தன் அவர்களைப் பார்க்கப் போனேன். கண் மங்கிவிட்டது. ஊன்றுகோல் மடியில் கிடந்தது. அப்பா சொன்னதை அப்படியே சொன்னேன்.

"எனக்குத் தெரியாதாம்மா? சக்கரம் என் கால் மேல நின்னுச்சு. ஒரு விரக்கடை நகரல. அந்த வலியிலயும், நம்ம வேலை சரியாத்தான் இருக்குன்னு தோணுச்சு."

"ஏன் நீங்க சொல்லலை?"

"சொன்னேனே. யாரு காதுல ஏறுச்சு? அண்ணன் வந்து சொல்லும்னு இருந்தேன். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை இன்ஜின் சத்தம் தெரு வரைக்கும் கேக்கும். இன்னிக்கு வரும்னு நெனப்பேன். அப்புறம் சத்தம் அடங்கிடும்."

அப்பாவை மன்னித்துவிடுங்கள் என்று கேட்டேன். "அத அண்ணன்ல வந்து கேக்கணும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் எழுந்தபோது, "எழுதுறதுன்னா பிரேக் புடிச்சுதுன்னு எழுதும்மா. அதை மட்டும் விட்டுடாத" என்றார்.

இனி நன்றி சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் இரவு பகல் பாராமல் உடனிருந்த தம்பிகளுக்கும், கோபத்தோடேனும் இந்தக் கட்டுரையை அச்சகத்துக்கு எடுத்துச் சென்ற சித்தப்பாவுக்கும், துக்கத்துக்கு முதல் ஆளாய் வந்து நின்ற பழைய இரும்புக் கடைக் குடும்பத்தாருக்கும் எங்கள் நன்றி. வீட்டில் ஏதாவது பிடிக்காமல் நழுவினால் இனி வேறு ஏதாவது சொல்லித் திட்டிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அப்பா சொல்லாமல் விட்டதை அவர் பிள்ளைகள் நாங்கள் சொல்கிறோம். அந்த லாரியின் பிரேக்கைப் பொருத்தியவர் தெற்குத் தெரு திரு. கோவிந்தன் அவர்கள். அது நன்றாகப் பிடித்தது.